ஒரே தொடை, இரண்டு பீஸ்

ஸ்வீடனுக்குப் போய் ஏழு வருஷம் ஆகியும் எனக்கு அது வெளிநாடாகத் தோன்றியதில்லை. கடையில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், பஸ் சொன்ன நேரத்துக்கு வரும், யாரும் என்னிடம் எதையும் விசாரிக்க மாட்டார்கள். சங்கரன்கோவில்காரியான எனக்கு வெளிநாடு என்றால் என்னவென்று புரிந்தது திருவொற்றியூரில்தான். ஷேர் ஆட்டோவில் ஏறியதுமே ஓட்டுநர், "அப்டிக்கா குந்துமா, இன்னும் ரெண்டு பேரு வந்துகினு கீறாங்க" என்றார். அவர் பேசியதும் தமிழ்தான், எனக்குத் தெரிந்ததும் தமிழ்தான். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் தேவலை போலிருந்தது.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சி செய்யும்போது தசைக்குள் என்ன நடக்கிறது என்று ஆராயும் கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தொடையை மரத்துப்போக வைத்து, பேனா பருமனில் ஒரு ஊசியை உள்ளே விட்டுத் துவரம்பருப்பு அளவுக்குச் சதையை எடுப்போம். அதைச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் தசைநார்கள் இரண்டு வகையாகத் தெரியும். நிதானமாக வெகுநேரம் உழைக்கும் நார்கள் கறுப்பாகவும், வேகமாக இழுத்துச் சீக்கிரம் களைக்கும் நார்கள் வெளிறியும் இருக்கும். கறுப்பு எத்தனை, வெளுப்பு எத்தனை என்று எண்ணி, இவருடைய தொடை இப்படிப்பட்டது என்று எழுதிவிடுவோம். ஆளுக்கு ஒரு துண்டு வீதம் ஐந்து வருஷம் நான் எண்ணியிருந்தேன்.

ஆய்வேடு முடிகிற நேரத்தில் ஒரு கருத்தரங்கில் யாரோ எழுந்து, அதே தொடையில் ஒரு சாண் தள்ளி இன்னொரு துண்டு எடுத்தால் அதே கணக்கு வருமா என்று கேட்டுவிட்டார். வராமல் எங்கே போகும் என்றார் என் பேராசிரியர். எடுத்துப் பார்த்தீர்களா என்றார் அவர். எங்கள் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது துண்டு வேறு கணக்குச் சொன்னால் என் ஐந்து வருஷமும் குப்பைக்கூடையில். பல வருஷம் பாரம் தூக்கியவர்களின் தொடையில் இதைப் பார்த்துவிடலாம், உனக்கு மொழி தெரியும், நீயே போ என்று பேராசிரியர் என்னை அனுப்பிவைத்தார். மொழி விஷயத்தில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

ராயபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். திருவொற்றியூரில் எலும்பு மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ஸ்டீபன் ஊசி போடச் சம்மதித்திருந்தார். அறுபது வயது, பெரிய மீசை, எதற்கும் பதறாத மனிதர். நான் செய்யப்போவதை முழுக்கக் கேட்டுவிட்டு, தர்பூசணிக்காரன் சதுரமாக வெட்டி எடுத்துச் சிவப்பைக் காட்டுகிற மாதிரியா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அப்படிக் காட்டின பழத்தை வாங்கிக்கொண்டு போய் எத்தனை முறை ஏமாந்திருக்கிறேன் தெரியுமா என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

முதல் நாள் நைட்ரஜன் தேடுவதிலேயே போயிற்று. எடுத்த துண்டை உடனே உறையவைக்காவிட்டால் உள்ளே பனிக்கட்டி முளைத்துச் சல்லடை மாதிரி ஓட்டை விழுந்துவிடும். ஸ்வீடனில் குழாயைத் திறந்தால் திரவ நைட்ரஜன் கொட்டும். இங்கே மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களிடம் இருக்கும் என்றார் டாக்டர், இருந்தது. பால் கேன் மாதிரி ஒரு அலுமினிய கேனில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதன்மேல் 'ஜெர்சி காளை' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. கேனைத் திருப்பித் தர வேண்டும், ஒட்டியதைக் கிழிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

கேனோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அந்தப் பக்கத்து மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் மூக்கை வைத்தே நிறுத்தம் சொல்லிவிடுவார்கள். இது உரம், இது பெயிண்ட், இது கருவாடு என்று என் பக்கத்தில் இருந்த மீன்கார அம்மாள் எனக்கு ஊரை அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று சமையல் செய்துகொண்டிருந்தன; அதாவது, ஓட்டுநர்கள் இறங்கி ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு நேரம் நகராதாம். லாரிகளுக்கு நடுவே இருந்த சந்தில் எங்கள் ஆட்டோ நுழைந்து ஒரு வேகத்தடையில் குதித்தது. கேனின் தக்கை நகர்ந்து வெள்ளைப் புகை எல்லார் காலையும் சுற்றிக்கொண்டது.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்கள். "பொகை வர்து, ஆனா நாத்தமே இல்லியே. இது எந்தக் கம்பெனி?" என்றார் ஒருவர். நாற்றமடிக்கும் புகைகளோடு பிறந்து வளர்ந்தவர்களை நாற்றமில்லாத அந்தப் புகை கலங்கடித்துவிட்டது. ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓட்டுநர் உள்பட எல்லாரும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். கடைசியில் மீன்கார அம்மாள்தான் தைரியமாக வந்து, கேனில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, காளையாம் என்று அறிவித்தார். காளை என்றதும் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. மறுபடி ஏறி உட்கார்ந்தோம்.

மறுநாள் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். கம்பிக் கட்டுகளை லாரியிலிருந்து தோளில் இறக்கும் ஒரு குழுவுக்கு தேசப்பன் மேஸ்திரி. அவருடைய முழங்காலை ஒருமுறை டாக்டர் சரிபண்ணியிருந்ததால், டாக்டர் சொன்னால் சரி என்று தன்னையும் சேர்த்து எட்டுப் பேரைக் கூட்டி உட்காரவைத்திருந்தார். பயாப்சி என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதே, புற்றுநோய் என்று நினைத்து ஓடிவிடுவார்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆகவே நல்ல தமிழில் சம்மதப் படிவம் தயாரித்து எடுத்துப் போயிருந்தேன். 'தொடையில் தசை மாதிரி எடுத்தல்' என்று அது ஆரம்பித்தது.

"தசை மாதிரின்னு போட்டுக்கீது. அப்ப தசை இல்லியா?" என்றார் தேசப்பன்.

தசையேதான் என்றேன். அப்புறம் எதற்கு மாதிரி என்று எழுத வேண்டும் என்று எட்டுப் பேரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். சரி, 'தசைத் துண்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் தலையில் சும்மாடாகச் சுற்றியிருந்த துண்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். துண்டு தருவதாக இருந்தால் ஆளுக்கு இரண்டாகக் கொடுக்கச் சொல்லு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கையால் தொடையைக் காட்டி, விரலால் கிள்ளி, துவரம்பருப்பு அளவைக் காட்டினேன். தேசப்பனின் முகம் தெளிந்தது. "பீஸுன்னு சொல்ல வேண்டியதுதானே. இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?" என்றார். அன்றிலிருந்து என் ஐந்து வருஷ ஆராய்ச்சிக்கு அங்கே பெயர் லெக் பீஸ்.

ஆய்வு விதிப்படி பதிவேட்டில் பெயர் எழுதக் கூடாது, எண்தான் எழுத வேண்டும். அதைச் சொன்னதும், எங்களிடம் ஏற்கெனவே டோக்கன் நம்பர் இருக்கிறதே என்று பித்தளை வில்லைகளைக் காட்டினார்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை. இவ்வளவு ஒழுங்கான ஆட்கள் ஸ்வீடனில்கூடக் கிடைத்ததில்லை என்று பூரித்துப்போனேன். திங்கட்கிழமை ஒரு பீஸ், வியாழக்கிழமை அதே தொடையில் ஒரு சாண் தள்ளி இன்னொரு பீஸ் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை டாக்டரின் மருத்துவமனையில் வேறு ஒரு சிக்கல். நாள் முழுக்க லுங்கியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டித் திரிகிறவர்கள், தொடையைக் காட்டுங்கள் என்று ஒரு பெண் கேட்டதும் கணுக்கால் வரை இறக்கிவிட்டு நின்றார்கள். டாக்டர் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை வெட்டினார். அந்தப் பக்கம் ஆள் படுத்துக்கொள்வார், ஓட்டை வழியாகத் தொடை மட்டும் தெரியும். டோக்கன் நம்பரைச் சத்தமாகச் சொல்வார்கள், டாக்டர் எடுப்பார், நான் உறையவைப்பேன். மருந்து வைத்துப் பிளாஸ்திரி போட்டு அனுப்பினோம். கேனைப் பார்த்தவர்களுக்கு மட்டும், நம்ம பீஸைக் காளைக்குப் போடுவார்களா, காளையுடையதை நமக்குப் போடுவார்களா என்ற கவலை கடைசிவரை தீரவில்லை.

செவ்வாயன்று எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன். கடைக்கார பாய் அண்டாவின் ஓரத்திலிருந்து அள்ளிய முதல் தட்டில் நான்கு கறித்துண்டு வந்தது. அதே அண்டாவில் அடுத்து அள்ளிய என் தட்டில் வெறும் சோறும் ஒரு கிராம்பும். எனக்கு ஏனோ சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் அத்தோ சாப்பிட்டேன், பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். ஸ்வீடனில் ஏழு வருஷமாக வேகவைத்த உருளைக்கிழங்கு தின்ற நாக்கு அன்றைக்குத்தான் உயிரோடிருப்பதைத் தெரிவித்தது.

வியாழனன்று இரண்டாவது சுற்று. எட்டு டோக்கன், எட்டுத் தொடை, எட்டுப் பிளாஸ்திரி. ஒரு சாண் தள்ளி எட்டுத் துண்டு. எல்லாம் சீராக முடிந்தது.

ஒரு மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குத் தெரிந்தவர் மூலமாகச் சீவும் எந்திரமும் நுண்ணோக்கியும் கிடைத்தன. மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் எண்ணினேன். எண்ணுவதிலும் வில்லங்கம் இருக்கிறது. ஓரத்தில் பாதி தெரியும் நாரைச் சேர்ப்பதா விடுவதா, கறுப்புமில்லாமல் வெளுப்புமில்லாமல் நிற்பதை எந்தப் பக்கம் போடுவது என்று ஒவ்வொன்றும் பஞ்சாயத்து. ஒரே கண்ணாடித் தகட்டை டீக்கு முன்னால் ஒருமுறையும் டீக்குப் பின்னால் ஒருமுறையும் எண்ணி, இரண்டு விடை எடுத்திருக்கிறேன். அதனால் அங்கேயிருந்த உதவியாளர் ஒருவரையும், எது யாருடையது என்று சொல்லாமல், தனியாக எண்ணவைத்தேன்.

ஏழு ஜோடிகள் ஒத்துப்போகவில்லை. தேசப்பனின் முதல் துண்டில் கறுப்பு கொட்டிக் கிடந்தது, இரண்டாவதில் தேட வேண்டியிருந்தது. ஆனால் ஆறாம் நம்பர், அடடா, அச்சில் வார்த்த மாதிரி ஒத்துப்போயிற்று. நானும் உதவியாளரும் எப்படி எண்ணினாலும் அதே விடை. சந்தோஷத்தில் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடி ஸ்வீடனுக்குப் பேசினேன். பேராசிரியர் துள்ளிவிட்டார். முறை சரிதான், மற்ற ஏழு பேரிடம் ஏதோ தவறு நடந்திருக்கிறது, ஆறாம் நம்பர் என்ன வித்தியாசமாகச் செய்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். மற்ற ஏழையும் உறையவைத்ததில் கோளாறு என்று தள்ளிவிட்டு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு என் ஆய்வேடு கரையேறிவிடும் போலிருந்தது.

நோட்டும் பேனாவுமாக சாத்தாங்காட்டுக்குப் போனேன். ஆறாம் நம்பர் ஏழுமலை, புளியந்தோப்புக்காரர், கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எட்டில் ஒன்றாக இருந்த அவர் முகத்தை அன்றைக்குத்தான் தனியாகக் கவனித்தேன். திங்கட்கிழமை என்ன சாப்பிட்டீர்கள், வியாழக்கிழமைக்கு முன்னால் நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன். திங்கட்கிழமைக்குப் பதில் வந்தது. வியாழக்கிழமை லோடு ஏறி கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டேனே என்றார். காயங்களைக் காட்டச் சொன்னேன். தொடையில் ஒரே ஒரு தழும்பு இருந்தது.

தேசப்பனைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. வேலைக்கு வர முடியாதவன் தன் டோக்கனைக் கொடுத்துத் தனக்குப் பதிலாக ஒருவனை அனுப்புவது அங்கே பரம்பரை வழக்கமாம், அவனுக்குப் பெயர் பதிலி. ஏழுமலைக்குப் பதிலியாக வந்து படுத்தவர் அந்த எட்டுப் பேரில் இல்லாத வண்ணாரப்பேட்டை காதர். அப்படியானால் அந்தப் பிளாஸ்திரி?

"டோக்கன் குட்த்தான், தலத்துண்டு குட்த்தான், பிளாஸ்திரியும் உரிச்சிக் குட்த்தான். எல்லாம் முறப்படிதான் நடந்துகீது" என்றார் தேசப்பன். "நீ இன்னா கேட்ட? ஆறாம் நம்பர்ல ரெண்டு பீஸு. திங்கக்கெயம ஒண்ணு வந்துச்சா? வியாயக்கெயம ஒண்ணு வந்துச்சா? அப்பால இன்னா?"

அவர் பக்கம் நியாயம் இருந்தது. நம்பர் போதும், பெயர் வேண்டாம் என்றது நான். முகத்தைப் பார்க்காமல் ஓட்டையில் வந்த தொடையைப் பார்த்ததும் நான். சம்மதப் படிவத்தை எடுத்துப் பார்த்தால், ஏழுமலை என்ற கையெழுத்து திங்கட்கிழமைக்குப் பொடி எழுத்திலும் வியாழக்கிழமைக்குப் பூசணிக்காய் மாதிரியும் இருந்தது. மற்றவர்களையும் கேட்டேன். வெட்கமெல்லாம் எப்போதோ போயிருந்தது, ஏழு பேரும் லுங்கியைத் தூக்கி ஆளுக்கு இரண்டு தழும்பு காட்டினார்கள். ஆக, ஒரே ஆளிடம் எடுத்த ஏழு ஜோடியும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன ஒரே ஜோடி இரண்டு வேறு ஆட்கள். ஒருவர் புளியந்தோப்பு, ஒருவர் வண்ணாரப்பேட்டை, சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் சுட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. தேசப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "அந்த ஊர்ல ஏயுமலைய எவனுக்குத் தெரியும்? ஆறாம் நம்பருன்னே எயுதிக்கினு போமா."

பொய் சொல்லக் கூடாது என்று உடனே தோன்றியதாகச் சொன்னால் அதுவே பொய். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் வரை அப்படியே எழுதிக்கொண்டு போவதாகத்தான் இருந்தேன். ஆனால் எழுதினால் அடுத்த வருஷம் இன்னொரு மாணவி என் கணக்கை நம்பி ஐந்து வருஷம் எண்ணுவாள். எழுதாவிட்டால் பேராசிரியர் மற்ற ஏழு பேரும் பதிலி என்பார், தழும்பு காட்டினார்கள் என்றால் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்ப மாட்டார். இரண்டு துண்டும் ஒரே ஆளுடையதுதான் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். டாக்டருக்குப் பேசி, அடுத்த நாள் எனக்கு நேரம் கேட்டேன்.

டாக்டர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அதே போர்வையைக் கட்டினார். இந்தத் தடவை ஓட்டை வழியாக என் தொடை வெளியே நின்றது. தேசப்பனும் ஏழுமலையும் காதரும் வேலையை விட்டுவிட்டு வந்து, திரைக்கு இந்தப் பக்கம் என் தலைமாட்டில் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கால லூஸா வுடுமா. கெட்டியா புட்ச்சினா ஊசி மாட்டிக்கும்" என்று அனுபவஸ்தராகத் தைரியம் சொன்னார் காதர். ஐந்து வருஷமாக எத்தனையோ பேரிடம், எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் எல்லாரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது எறும்பு இல்லை. தொடைக்குள்ளிருந்து யாரோ சதையைக் கையால் பிடித்துத் திருகுகிற மாதிரி இருந்தது, அதுவும் இரண்டு தடவை. பீஸ் கொடுத்த அன்றைக்கே அவர்கள் கம்பி தூக்கப் போனவர்கள். நான் லாட்ஜ் மாடிப்படியைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறினேன்.

இரண்டு நாள் எண்ணினேன். உதவியாளரும் யாருடையது என்று தெரியாமல் எண்ணினார். முதல் துண்டின்படி நான் நாள் முழுக்க ஓடக்கூடிய நெடுந்தூர ஓட்டக்காரி. ஒரு சாண் தள்ளி எடுத்த துண்டின்படி சாத்தாங்காட்டில் எனக்கு ஒரு டோக்கன் கொடுக்கலாம். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத என்னைப் பற்றி என் தொடைக்கே இரண்டு அபிப்பிராயம் இருந்தது. ஒரு துண்டை வைத்து யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.

ராயபுரத்துத் தொலைபேசிக் கூண்டில் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாம் நம்பர் இரண்டு ஆள் என்றதும் பெருமூச்சு விட்டார். புதிதாக ஒரு ஆளிடம் இரண்டு துண்டு எடுத்தேன், அதுவும் ஒத்துப்போகவில்லை என்றேன். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

பேராசிரியர், "இரண்டும் ஒரே ஆளுடையதுதானா? இந்தத் தடவை முகத்தைப் பார்த்தாயா? அந்த ஆளை நம்பலாமா?" என்று கேட்டார்.

"நம்பலாம். ஒரு டீ குடிக்கிற நேரம் சறுக்கப் பார்த்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள்" என்றேன். "இப்போது ஒற்றைக் காலில் நின்றுகொண்டு உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள்."